புரட்டாசியில் கெளுத்தி தின்ற மச்சானுக்கு

என் உயிர் மச்சானும் என் உயிரை வாங்கிய மச்சானுமான சேகருக்கு,

முதலில் உன்னைத் திட்டி முடித்துவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. பாவி, நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய். ஒரு வருஷமாக நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? கல்யாண வீட்டுக்குப் போனால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், சாவு வீட்டுக்குப் போனாலும் அதே பார்வைதான். "இவன்தான் அந்த பாபு" என்று எனக்குப் பின்னால் யாராவது குசுகுசுக்காமல் ஒரு பந்தியில்கூட நான் உட்கார்ந்து எழுந்ததில்லை.

ஆமாம், நான்தான் அந்த பாபு. பெருமாளுக்கு விரதம் இருந்த தங்கை புருஷனை வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், புரட்டாசி மாதத்தில், ரோட்டோரத்தில் உட்காரவைத்து மீன் தின்னவைத்த பாபு. அந்தப் பாவம்தான் தை மாதம் உன் நெஞ்சைப் பிடித்து நிறுத்திவிட்டது என்று உன் சொந்தக்காரர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ரத்தக்குழாயில் அடைப்பு, ரொம்ப நாளாக இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

யார் யாரைக் கூட்டிக்கொண்டு போனது? யார் யாரைத் தின்னவைத்தது? சொல்லுடா. இப்போதாவது வாயைத் திறந்து சொல்லேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், நீ குறுக்கே பேசாதே. சேகரும் நானும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். பிஸ்கட் பாக்கெட் போடுகிற மெஷின் செய்கிற கம்பெனி. அவன் ஃபிட்டர், நான் எலெக்ட்ரீஷியன். அவன் வீடு ஆவடி, என் வீடு அயனம்பாக்கம். என் தங்கை கௌரியை அவனுக்குக் கொடுப்பதற்கு முன்பிருந்தே நாங்கள் 'மச்சான், மச்சான்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். கல்யாணத்தன்று என் அப்பா, "இனிமே மாப்பிள்ளைன்னு மரியாதையா கூப்பிடுடா" என்று என்னை அதட்டினார். "அதெல்லாம் அவன் வாயில வராது மாமா, உடுங்க" என்று மாலையும் கழுத்துமாக நின்ற இவனே சொன்னான்.

இவனுக்கும் கௌரிக்கும் ஒரே பெண், காவ்யா. புரட்டாசி வந்தால் அந்த வீட்டில் முட்டை ஓடுகூடக் கிடக்காது. சனிக்கிழமை தவறாமல் திருநாமம் போட்டுக்கொண்டு, துளசி தீர்த்தம் குடித்துவிட்டுத்தான் கம்பெனிக்கு வருவான். இது போதும். இனி உன்னோடு பேசுகிறேன்.

அந்த வருஷம் கம்பெனிக்காரர்கள் நம் இரண்டு பேரையும் பார்த்து, "சுரபாயாவுக்குக் கிளம்புங்க" என்றார்கள். இந்தோனேசியாவில் அந்த ஊருக்கு வெளியே ஒரு பிஸ்கட் ஃபேக்டரி. அனுப்பிய மெஷினைப் பொருத்தி ஓடவிட்டுத் திரும்பவேண்டும். தேதியைப் பார்த்தால் புரட்டாசி. கௌரி புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் ஊறுகாயும் கட்டிக்கொடுத்தாள். சின்ன குக்கர் ஒன்றைத் துணிக்கு நடுவில் வைத்தாள். ஏர்போர்ட் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"ண்ணா, பெருமாள் மாசம். அவரு கவுச்சி பக்கம் போவாம நீதான் பாத்துக்கணும். உன்னை நம்பித்தான் அனுப்பறேன்."

நீ பக்கத்தில் நின்று, பச்சைக் குழந்தை மாதிரி தலையாட்டினாய்.

போன மூன்றாவது நாளே ஆரம்பித்துவிட்டாயே! பகலெல்லாம் அவர்கள் லைன் ஓடும். நம்மை மெஷின் பக்கம் விடுவதே அவர்கள் வேலை முடிந்த பிறகுதான். நாம் வெளியே வரும்போது அந்த ஊர் அடங்கியிருக்கும். சாலை ஓரத்தில் துணிக் கூடாரங்கள் மட்டும் விளக்கு எரிய நிற்கும். துணி முழுக்க சேவல், வாத்து, மீசை வைத்த மீன் என்று கண்ணைப் பறிக்கிற கலரில் படம் வரைந்திருப்பார்கள். உள்ளே ஒரு நீள மேஜை, இரண்டு பெஞ்சு, எண்ணெய்ச் சட்டி, மிளகாய் அரைக்க ஒரு கல். நம் ஊரில் அரை பிளேட் பிரியாணி சாப்பிடுகிற காசுக்கு அங்கே ஒரு முழு மீனும் சோறும் வரும்.

"மச்சான், வாசனை வருது பாத்தியா?" என்று நின்றுவிட்டாய்.

"புரட்டாசிடா" என்றேன்.

"அது நம்ம ஊர்ல மாமே. கடலைத் தாண்டியாச்சு. பெருமாளே மீனா அவதாரம் எடுத்தவருதானே, கோச்சிக்கமாட்டாரு."

"அதனாலதான்டா அவரைத் துன்னக்கூடாது" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நீ பெஞ்சில் உட்கார்ந்து, அந்தக் கடை அம்மாவிடம் துணியில் இருந்த மீசை மீனைக் கைகாட்டிவிட்டாய். வயதில் பெரிய பெண்களை அங்கே 'இபு' என்று கூப்பிடுவார்கள், அம்மா என்பது போல. நீயும் அன்றே அவரை இபு என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாய். பெற்ற அம்மாவைக்கூட அவ்வளவு பாசமாகக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

மீன் வந்தது. நம் ஏரிக் கெளுத்திதான், தலையும் மீசையுமாக மொறுமொறுவென்று வறுத்து. அவர்கள் 'லெலே' என்றார்கள். பக்கத்தில் கல்லோடு கொண்டுவந்து வைத்த மிளகாய்ச் சாந்து. வெள்ளரிக்காய், பச்சை முட்டைக்கோஸ், ஒரு கொத்துப் பச்சிலை. அந்த இலையைப் பார்த்ததும் உன் கை அப்படியே நின்றது.

"டேய், துளசிடா. கவுச்சி தட்டுல துளசி வெச்சுட்டாங்கடா."

மீனைத் தின்னலாமாம், துளசி பக்கத்தில் இருக்கக்கூடாதாம்! என்ன கணக்கோ உன் கணக்கு. அந்தக் கொத்தைப் பயபக்தியோடு எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். அதற்கப்புறம் மீனின் தலையை உடைத்தாய். இபு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மறுநாளிலிருந்து அவர் உன் தட்டில் மட்டும் இலை வைக்கவில்லை. உனக்கு அது பிடிக்காது என்று நினைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒரு ராத்திரி தவறியதா? "இன்னிக்கி ரூம்ல புளிசோறு கிளறலாம்" என்று தினமும் சொன்னேன். தினமும் நீ முன்னால் நடந்தாய். நன்றாக இருக்கிறது என்பதற்கு அவர்கள் 'எனாக்' என்பார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கற்றுக்கொண்டு, ஒவ்வொரு வாய்க்கும் 'எனாக், எனாக்' என்று நீ தலையாட்டியதில் அடுத்த பெஞ்சுக்காரர்கள்கூடக் கூடுதலாக ஒரு மீன் வாங்கினார்கள்.

பிறகு வந்தது அந்த வீடியோ கால்.

நம் ஊரில் சீரியல் எல்லாம் முடிந்து கௌரி படுக்கப் போகிற நேரம். நீ போனை டீ கிளாஸில் சாய்த்துவைத்து, ரூமில் புளிசோறு சாப்பிட்டேன், சும்மா டீக்கு வந்தோம் என்று அளந்துகொண்டிருந்தாய். அவள் குரல் திடீரென்று மாறியது.

"இன்னாங்க அது, தட்டுல மீசை கீது?"

ஒரு நொடிகூட யோசிக்கவில்லையே நீ! "இதுவா? உங்கண்ணன் தட்டுடி. நீயும் ஒரு துண்டு துன்னே ஆவணும்னு உயிர வாங்கறான். தெனமும் இதே ரோதனை" என்று சொல்லி, போனை என் பக்கம் திருப்பினாய். மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாய். நான் என்ன செய்வேன்? ஈ என்று இளித்துக்கொண்டு தலையாட்டினேன். "உன்னை நம்பித்தானேண்ணா அனுப்புனேன்" என்றாள் கௌரி. அவள் முகம் போனை விட்டுப் போய்விட்டது.

"தெனமும் வேணாம் வேணாம்னு சொன்ன என் தலையில ஏண்டா கட்டுன?" என்று கத்தினேன்.

"உன் தங்கச்சி உன்னை இன்னா பண்ணிடப் போறா? ரெண்டு நாள் மூஞ்சிய தூக்கி வெச்சிகினு இருப்பா. நான்னு தெரிஞ்சா வருஷம் பூரா சொல்லிக் காட்டுவா மச்சான். உடு, உடு."

அந்தப் பதற்றத்தில்தான் நீ அந்த வேலை செய்தாய். அன்றைக்கு டிரம்மில் தண்ணீர் தீர்ந்துவிட்டதால், கை கழுவ ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி எலுமிச்சைத் துண்டு போட்டு வைத்திருந்தார் இபு. ரசம் என்று நினைத்து மொத்தத்தையும் சோற்றில் கவிழ்த்து, பிசைந்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு பத்தல மச்சான்" என்றாய். நான் சிரித்த சிரிப்பில் பெஞ்சிலிருந்து விழுந்தேன். விஷயம் புரிந்ததும் நீ என்னைவிட அதிகமாகச் சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வர, மேஜையைத் தட்டித் தட்டி, மூச்சு வாங்கும்வரை சிரித்தாய்.

இரண்டு நாள் என்றாயே சேகர்! அவள் கோபம் தீர்வதற்குள் ஏன்டா போனாய்?

ஊருக்குத் திரும்பினோம். அதே கதையை உன் அக்காவிடமும் அளந்துவிட்டாய். கௌரி முகம் கொடுத்துப் பேசவில்லை. பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வரும்போது உண்மையைச் சொல்லி அவள் காலிலேயே விழுகிறேன் என்றாய். பொங்கலன்று அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறு வாரம் காலையில் பல் தேய்க்கப் போனவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டாய். நான் ஆவடிக்கு வந்து சேர்ந்தபோது உன் அக்கா வசந்தா, வாசலிலேயே என்னைப் பார்த்து, "வந்துட்டாரு பாரு, பெருமாள் மாசத்துல கவுச்சி ஊட்டுனவரு" என்று அழுதார். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கௌரியும் பார்த்தாள். 'இல்லை' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உண்மையை நான் சொல்லியிருக்கலாமே என்பாய். எப்படிடா சொல்வது? புருஷனைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவளிடம் போய், உன் புருஷன் உன்னிடம் பொய் சொன்னான், விரதத்தை விட்டான், தினமும் தின்றான் என்று சொல்ல எனக்கு எந்த வாய் வரும்? சொன்னால் நான் நல்லவன் ஆகிவிடுவேன், நீ கெட்டவன் ஆகிவிடுவாய். பதில் பேச நீ இல்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எனக்கு இருப்பது ஒரே தங்கை. போனால் தண்ணீர் கொடுப்பாள், கேட்டதற்கு 'ம்' என்பாள், அவ்வளவுதான். ஒரு வருஷம் அப்படியே போயிற்று. எரிச்சலில் இரண்டு மூன்று தடவை உன் நம்பருக்கே போன் போட்டுத் திட்டப் பார்த்தேன், அதுவும் உபயோகத்தில் இல்லை என்றது.

போன புரட்டாசியில் நான் முட்டைகூடத் தொடவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது. யாருக்காக இருந்தேன் என்று என் பெண்டாட்டி சுமதி கேட்டாள். எனக்கே தெரியவில்லை.

இந்தத் தை மாதம், உன் முதல் வருஷத் திதிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, காவ்யா வந்தாள். உன் வண்டியைத்தான் ஓட்டுகிறாள். பூந்தமல்லி பக்கம் ஒரு ஆபீசில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், அந்த ரோட்டு டிராஃபிக்கைத் திட்டுகிற திட்டில் அப்படியே நீதான்.

"மாமா, அம்மா ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. அந்த ஊர்ல அப்பா சாப்ட்டது இன்னா மீனு?"

"எதுக்குடா கேக்கறாங்க?" என்றேன்.

"படையலுக்காம். சாமானெல்லாம் எடுத்துகினு வந்து, எங்க ஊட்லயே நீங்க செய்யணுமாம்."

ஒரு வருஷம் கழித்து என் தங்கை என்னிடம் கேட்ட முதல் காரியம் இது. செத்தவருக்குப் பிடித்ததைப் படைப்பது வழக்கம்தான். ஆனால் நம் வீட்டில் கறியும் வஞ்சிரமும் வைப்போம், மிஞ்சினால் பிராந்தி வைப்போம். உன்னைக் கொன்றதாகச் சொல்லப்படுகிற மீனை எதற்கு வைக்கவேண்டும்? எல்லார் முன்னாலும் என்னை நிற்கவைத்துக் கேட்கப்போகிறாளா? போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். போகாவிட்டால் அந்த 'ம்' கூட மிஞ்சாது.

நீ தின்றுவிட்டுப் போய்விட்டாய், செய்து பார்த்தவனைக் கேள். அந்தச் சாந்தில் எறாலைப் புளிக்கவைத்து அரைத்த ஒரு கறுப்புக் கட்டி போடுகிறார்கள். அது இல்லாமல் இரண்டு தடவை அரைத்தேன், வெறும் தக்காளிச் சட்னி வந்தது. கடைசியில் ஆன்லைனில் அந்தக் கட்டியையே வரவழைத்து அடுப்பில் வாட்டினேன். கொஞ்ச நேரத்தில் எங்கள் அப்பார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்பில், 'செப்டிக் டேங்க் உடைந்துவிட்டதா?' என்று கேட்டு ஒரே களேபரம். அசோசியேஷன் செக்ரெட்டரி டார்ச் லைட்டோடு கீழே இறங்கித் தேடினார். "இன்னொரு தபா இத அடுப்புல வெச்சீங்க, நான் எங்கம்மா ஊட்டுக்குப் போய்டுவேன்" என்றாள் சுமதி.

கொரட்டூர் மார்க்கெட்டில் கெளுத்தி கேட்டால் மீன்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "கெளுத்திய வறுக்கப் போறியா? இன்னா நைனா நீ, அது கொழம்புக்குத்தான். சங்கரா எடுத்துகினு போ, ஊட்ல திட்டு வாங்காத." எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை, தலையை வெட்டிவிட்டார். தலை இல்லாமல் மீசை எப்படி வரும்? மறுபடி வேறு வாங்கினேன்.

அப்புறம் அந்த இலை. காயலாங்கடை மாதிரி ஒரு நர்சரியில், அம்பத்தூர் ஏரிக்கரைப் பக்கம் கிடைத்தது. முகர்ந்து பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, உன் மேல் கோபமும் வந்தது. துளசி இல்லைடா அது. நாம் ரோஸ்மில்க்கில் போட்டுக் குடிக்கிறோமே சப்ஜா விதை, அந்தச் செடியின் ஜாதி. திருநீற்றுப்பச்சிலை. அதைத்தான் நீ அவ்வளவு பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டாய்.

காலையில் ஐயர் வந்து திதி முடிந்தது. சாயங்காலம் படையல். மூன்று மணிக்கெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு கௌரி சமையலறையில் போய் நின்றேன். அவள் பேசாமல் இடிகல்லை எடுத்துவைத்தாள். நான் மிளகாயை வதக்கினேன், மீனைக் கீறினேன். எறாக் கட்டியை வாட்டியபோது ஜன்னலைத் திறந்துவிட்டாளே தவிர, மூஞ்சியைச் சுளிக்கவில்லை. பையில் இருந்த பச்சிலையை எடுத்து அலசப் போனவள், நின்றுவிட்டாள். கையை மூக்கருகே கொண்டுபோனாள். அப்படியே சாமி அறைக்குப் போய், ஒரு குங்குமச் சிமிழை எடுத்துவந்து என் முன்னால் திறந்தாள்.

உள்ளே காய்ந்து கறுத்த இலை.

"அந்த ஊர் கோயில்ல குடுத்த துளசின்னு சொன்னாரு. வாசனை நம்ம துளசி மாரி இல்லியேன்னு அன்னிக்கே கேட்டேன். ஃபாரின் துளசின்னாரு. சாமி கிட்ட வெச்சு தெனமும் கும்புடறேன். இது இன்னாண்ணா?"

கடங்காரா! இதையுமா? எந்தக் கோயில்? எந்தத் துளசி? நான் மீனைப் பார்த்தேன், இலையைப் பார்த்தேன்.

"பொய் சொல்லாத. நீ ஒரு வருஷமா சொல்லாம இருந்ததே போதும்" என்றாள்.

சொன்னேன். மீன் தட்டில் இருந்த இலை, துளசி என்று நினைத்துப் பையில் வைத்துக்கொண்டான் என்றேன். கௌரி சிமிழைப் பார்த்தாள், சட்டியில் பொரிகிற மீனைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள் சேகர். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அது எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

"எனக்கு எல்லாம் தெரியும்ண்ணா" என்றாள். "அன்னிக்கி அவரு போனைக் கட் பண்ணவே இல்ல. நான் மூஞ்சிய திருப்பிகினேன், அவரு கட் ஆயிடுச்சுன்னு நெனச்சிகினாரு. நீ திட்டுனது, அவரு உன் மேல போட்டுக்கலாம்னது, அந்த ரசம், எல்லாத்தையும் கேட்டேன். படுத்துகினு, கடைசி வரைக்கும் கேட்டுகினு இருந்தேன்."

"அப்புறம் ஏம்மா? வசந்தாக்கா அன்னிக்கி வாசல்ல அப்படிச் சொன்னப்ப, நீ ஒரு வார்த்தை..." ஒரு வருஷத்து ஆத்திரமும் அப்போதுதான் வந்தது. கத்தியே விட்டேன்.

அவள் மிளகாயை இடித்துக்கொண்டே சொன்னாள்: "கோவம் கோவமா வந்துச்சுண்ணா. என்னை உட்டுட்டு செத்துட்டாரே. செத்தவர் மேல எப்படிக் கோவப்படறது? நீதான் உசுரோட கண்ணு முன்னாடி இருந்த. உன் மேல பட்டுகினேன்."

இடித்ததை வழித்துப் போட்டுவிட்டு, "அது மட்டும் இல்ல. அவரு அப்படி சிரிச்சு நான் கேட்டதே இல்லண்ணா. கல்யாணம் ஆன நாள்லேந்து ஒரு நாள்கூட. ஷிஃப்ட் முடிஞ்சு வருவாரு, துன்னுவாரு, தூங்குவாரு. அந்த சிரிப்பு உனக்குக் கெடச்சுது. எனக்குக் கெடைக்கல. அந்த வயித்தெரிச்சல்" என்றாள்.

நீ சொல் மச்சான். ஏன்டா அவளோடு ஒரு நாள் ரோட்டுக் கடைக்காவது போகவில்லை? ஆவடி ஸ்டேஷன் பக்கம் கடையா இல்லை? இப்படித்தான் எல்லாரும் இருக்கிறோமா? அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் சுமதியைப் பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

விளக்கேற்றி, உன் படத்துக்கு முன்னால் இலை போட்டோம். கறி, வஞ்சிரம், வடை, பாயசம். நடுவில் உன் கெளுத்தி, தலையும் மீசையுமாக. பக்கத்தில் சாந்தும் பச்சிலையும். வசந்தா அக்கா பார்த்ததும் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

"இன்னாடி கௌரி இது? எதத் துன்னு செத்தானோ அதையே எடுத்தாந்து வெக்கிறியே! எல்லாம் உங்கண்ணன் வேலையா?"

கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், பழக்கம் ஆகிவிட்டது எனக்கு. கௌரி சாம்பிராணிக் கரண்டியோடு நிமிர்ந்து நின்றாள்.

"எங்கண்ணன் யாரையும் துன்ன வெக்கல அண்ணி. உங்க தம்பிதான் ஆசைப்பட்டுத் துன்னாரு. தெனமும் துன்னாரு. எங்கண்ணன் வேணா வேணான்னுதான் சொல்லிச்சு, நான் என் காதால கேட்டேன். ஆசைப்பட்டதத்தானே படைப்பாங்க? உக்காருங்க, சாம்பிராணி போடணும்."

வசந்தா அக்கா உட்கார்ந்துவிட்டார். புகை மூட்டத்தில் உன் படத்தைப் பார்த்தேன். மாட்டிக்கொண்ட முகம்தான், வேறென்ன.

எல்லாரும் சாப்பிட்டுப் போனபின் கௌரி சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அந்தக் கெளுத்தியைப் பிட்டு, சாந்தைத் தொட்டு, சோற்றோடு ஒரு வாய் சாப்பிட்டாள். ரொம்ப நேரம் மென்றாள். "உப்பு பத்தல" என்றாள். பிறகு, "இதுக்கா ரெண்டு பேரும் அப்படி சிரிச்சீங்க?" என்று கேட்டாள்.

"அங்க போய்த் துன்னாத்தான்ம்மா" என்றேன்.

"அப்ப கூட்டினு போ."

சேகர், கூட்டிக்கொண்டு போகிறேன். காவ்யா இரண்டு பாஸ்போர்ட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். ஆனி பிறந்ததும் கிளம்புகிறோம், சுமதியும் வருகிறாள். புரட்டாசிக்கு ரொம்ப முன்னாலேயே போய்த் திரும்பிவிடுவோம், இன்னொரு தடவை உன் பழியை என்னால் சுமக்கமுடியாது. அதே கூடாரம், அதே பெஞ்சு. நீ உட்கார்ந்த ஓரத்தில் கௌரியை உட்காரவைப்பேன். இபு கட்டாயம் உன்னைக் கேட்பார், இலை வேண்டாம் என்பவர் எங்கே என்று. அவர் பாஷையில் அதற்கு என்ன சொல்வது என்று இப்போதே போனில் பார்த்துப் பார்த்துப் படிக்கிறேன். வார்த்தை மனப்பாடம் ஆகிவிட்டது, சத்தமாகச் சொல்லத்தான் வரவில்லை. அவர் முன்னால் எப்படியாவது சொல்லிவிடுவேன். அப்புறம் உன் தங்கமான பெண்டாட்டியைச் சிரிக்கவைப்பேன். எலுமிச்சைத் தண்ணீரை நானே சோற்றில் ஊற்றிக்கொண்டாவது சிரிக்கவைப்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
நீ போன பிறகும் மாப்பிள்ளை என்று வாயில் வராத,
உன் கௌரியின் அண்ணன்,
உன் மச்சான் பாபு.